மேஸ்திரிக் கோழியை ஏலம் விட்ட கதை

ஐடாவைப் பற்றிச் சொல்வதென்றால் கோழியில்தான் ஆரம்பிக்க வேண்டும். ஸ்கெலட்டன் என்கிற எங்கள் சுரங்கக் குடியிருப்பில் எனக்கு அடுத்த வீடு அவளுடையது. நடுவில் ஒரு தகர வேலி. பார்க்கக் கூடாது என்று இருந்தாலும் எல்லாம் கண்ணில் படும். விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடித்து, ஒரு தையல் கம்பெனியில் நாள் முழுக்க நின்று, இருட்டிய பிறகு வருவாள். இத்தனை வருஷமும் அவள் கேட்டது ஒன்றுதான்: வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அது கிடைக்காமல் போனதற்கு ஒரு பெட்டைக் கோழி காரணம் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்தது அவள் புருஷன் லாய்ட் அண்ணன். சுரங்கத்தில் வேலை பார்த்து நெஞ்சில் தூசி சேர்ந்த மனுஷன். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். பின்வாசலில் நாற்காலி போட்டுக் கோழிகளைப் பார்ப்பதுதான் பகலெல்லாம் பொழுது. மேஸ்திரி முதலில் தின்னும், மற்றவை காத்திருக்கும். கிட்டே வந்தால் மண்டையில் ஒரு கொத்து.

"பாரு பாக்கியம், லைன்ல நிக்க வெச்சுக்கீது. ஷிப்ட் ஒழுங்கா நடக்குது" என்பார் என்னிடம், பெருமையாக.

அந்தக் கொத்து அதிகம் விழுந்தது மொட்டை மேல். முதுகில் இறகே இல்லாமல் போனதால் அந்தப் பேர். ரத்தம் தெரிந்துவிட்டால் மற்ற கோழிகளும் விடாது. நேற்றுப் பொரித்தது கூட வந்து கொத்தும். ஐடா ரயிலிலிருந்து வந்த காலோடு மொட்டையைப் பிடித்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, தனியாகக் கூடையில் கவிழ்த்து வைப்பாள். புண் ஆறியதும் திறந்து விடுவாள். யாரோ புதுசாக வந்துவிட்டாள் என்பதுபோல மேஸ்திரி அதை மறுபடி அடிக்கும். திரும்பவும் மஞ்சள், திரும்பவும் கூடை. மாசக்கணக்கில் இந்தக் கூத்து.

"அறுத்துக் கொழம்பு வெச்சுடு, சனியன் ஒழியட்டும்" என்றேன். எனக்கு அவ்வளவுதான் பொறுமை.

"இன்னா பண்றது அக்கா, அவருக்கு அதுதான் பேச்சுத் துணை" என்றாள்.

ரயிலில் பூதிகோட்டைக்காரி ஒருத்தி சொன்னாளாம்: அடிபட்டதைப் பிரிக்காதே, அடிக்கிறதைப் பிரித்து வை, சில நாள் கழித்து விட்டால் அதன் திமிர் அடங்கும் என்று. ஐடா மேஸ்திரியைக் கூடையில் அடைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அது கத்துகிறதே என்று லாய்ட் அண்ணன் திறந்துவிட்டார். மறுநாளும் அப்படியே. அவள் வந்து மறுபடி மஞ்சளைக் குழைத்தாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அந்தச் சமயம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. பூசணி, தேங்காய், கோழி என்று வீட்டுக்கு வீடு காணிக்கை வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஐடா மேஸ்திரியின் காலைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஆண்டவருக்கு நல்லதாத்தான் குடுக்கணும்" என்று புருஷனிடம் சொல்லிவைத்தாள்.

மழையால் பண்டிகை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போனது. கோழி சர்ச் காவல்காரர் வீட்டில் கிடந்தது. அந்த ஒரு வாரம் மொட்டை மற்றவற்றோடு சேர்ந்து தின்றது. ஐடா வேலை முடிந்து வந்து பின்வாசல் படியில் உட்கார்ந்து டீ குடித்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆளே மாறியிருந்தாள்.

ஏலத்தன்று நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். மேஸ்திரியைத் தூக்கிக் காட்டியபோது ஐடாவுக்குக் கண் கலங்கியது. விட்டது தொல்லை என்கிற கலக்கம் அது, எனக்குத் தெரியும். ஆட்டோவில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் மகராசனுக்குத் தெரியவில்லை. ஆசையாக வளர்த்ததைக் கொடுத்துவிட்டு அழுகிறாள் என்று நினைத்துவிட்டார். யார் கேட்டாலும் அதற்கு மேல் கேட்டு, மூச்சிரைக்க இரைக்கக் கேட்டு, கோழியை எடுத்து அவள் மடியில் வைத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஐடா கோழியைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவிழ்த்து விட்டார்கள். ஒரு வாரம் இல்லாமல் போனதில் மேஸ்திரியின் அதிகாரமும் போயிருந்தது. முதலில் ஒரு இளம் பெட்டை பாய்ந்தது. அப்புறம் எல்லாம் சேர்ந்துகொண்டன. மேஸ்திரி சுவர் ஓரமாக ஒண்டியது. அதைத் தேடிப் போய்க் கொண்டையைக் கிழித்தது மொட்டைதான்.

"ஐடா, வந்து பிரிச்சு வுடேன். கொன்னுடும் போலக் கீது" என்று லாய்ட் அண்ணன் கூப்பிட்டார்.

அவள் படியை விட்டு அசையவில்லை. "அது தொலையட்டும்னுதான் குடுத்தேன்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "இந்த ஒரு வாரந்தான் நான் உக்காந்தேன்."

அவர் முகம் செத்துப்போனது. "என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்றதுக்கும் தெம்பு வேணும் இல்லீங்க."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அன்றைக்கு மேஸ்திரியைத் தூக்கியது அவர்தான். ரெண்டு அடிக்கு ஒரு தரம் சுவரைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கி, உள்ளே போய் மஞ்சளை எடுத்து வந்து, அதன் கொண்டையில் தடவினார். ஐடா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து போகவில்லை.