அக்காவிடமிருந்து எடுத்த வேஷம்

என் அக்காவுக்குப் பாசி என்றால் உயிர். சுவரில், குழாயடியில், படிக்கட்டு இடுக்கில் பச்சையாகப் படர்ந்திருக்குமே, அதே பாசிதான். ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. குடுவைகளைக் கழுவி அடுக்குவாள், பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டுவாள், மைக்ராஸ்கோப்புகளைத் துணி போட்டு மூடுவாள். அங்கிருந்து வீட்டுக்கு நடந்து வர இருபது நிமிஷம் போதும். அவளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். வழியில் எந்தச் சுவர் ஈரமாக இருந்தாலும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

லென்ஸை எடுக்க வசதியாக இருக்குமென்று பையை முன்பக்கமாக மாட்டியிருப்பாள். மூக்குக்கண்ணாடியில் ஒரு கறுப்புக் கயிறு. யாராவது எதையாவது தப்பாகச் சொல்லிவிட்டால் ஆள்காட்டி விரல் தானாக மேலே போகும். "ஒரு சின்னத் திருத்தம்" என்பாள். சின்னது என்றுதான் ஆரம்பிப்பாள், முடிக்க அரை மணி நேரம் பிடிக்கும். சொந்தக்காரர்கள் அவளைப் 'படிப்ஸ்' என்பார்கள். அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. "படிக்கிறவளப் படிப்ஸ்னு சொல்றாங்க. சரியாத்தானே சொல்றாங்க?" என்பாள்.

நான் நடிகன். எட்டு வருஷம் கூட்டத்தில் ஒருவனாக நின்றிருக்கிறேன். இரண்டு முறை பிணமாகப் படுத்திருக்கிறேன். அதில் ஒரு முறை இருமித் தொலைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் டிவி நகைச்சுவைத் தொடர் ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். "ஆபீஸ் கதை. அதுல ஒரு படிப்ஸ் வேணும். பார்த்ததும் சிரிப்பு வரணும். செஞ்சு காட்டுங்க" என்றார் டைரக்டர். எனக்கு மண்டை காலியாக இருந்தது. ஆனால் என் கை, தோளில் கிடந்த பையை எடுத்து முன்பக்கம் மாட்டியது. விரல் மேலே போனது. "ஒரு சின்னத் திருத்தம்" என்றேன், அக்காவின் அதே இழுவையில். கேமராமேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க பிடிச்சீங்க இத?" என்று டைரக்டர் கேட்டார்.

"சும்மா தோணுச்சு சார்" என்றேன்.

அந்தப் பாத்திரத்துக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்தார்கள். முதல் வாரம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். இரண்டு நிமிஷத்திலேயே அம்மா டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "நல்லா பண்றடா! ஆனா பாசியோட வேர்னு சொன்னியே, பாசிக்கு வேரே கிடையாது. அடுத்த தடவ மாத்திச் சொல்லு" என்றாள். தன்னைத்தான் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

தொடர் எங்கேயோ போய்விட்டது. படிப்ஸ் என்றாலே என் முகம் என்றானது. கடைத்தெருவில் நான் போனால் விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அக்காவின் பள்ளியிலும் தூக்கினார்கள். அவள் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் முப்பது விரல்கள் ஒன்றாக மேலே போகுமாம். ஆசிரியர்கள்கூடச் சிரித்தார்களாம்.

ஒரு மாலை, துணி மடித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அந்தத் 'திருத்தம்'ங்கற வார்த்தைய மட்டும் விட்டுடறியாடா?"

"கைதட்டே அதுக்குத்தான்க்கா. அத விட்டா நான் மறுபடியும் பிணமாத்தான் படுக்கணும்."

"அப்படியா. சரிடா" என்றாள்.

இன்னொரு முறை கேட்டிருந்தால் விட்டிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். விட்டிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு அவள் இருபது நிமிஷத்தில் வீடு வந்து சேர்ந்தாள். பை தோளுக்குப் போனது. யார் என்ன தப்பாகச் சொன்னாலும் "இருக்கும்" என்று தலையாட்டினாள். "இப்பத்தான் உங்கக்கா எல்லார்கிட்டயும் கலகலன்னு பழகுறா" என்று சித்தி சந்தோஷப்பட்டாள்.

பதினொரு வருஷத்தில் காற்று திசை மாறியது. படிப்ஸாக இருப்பது பெருமையாகிவிட்டது. பவரே இல்லாத கண்ணாடியை ஆசைக்கு வாங்கிப் போட்டார்கள். என் வசனத்தைச் சட்டையில் அச்சடித்து விற்றார்கள். ரசிகர்கள் ஒரு மண்டபத்தில் கூடி என்னை அழைத்தார்கள். அங்கே, தாவர ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். "ஸ்கூல்ல என்னைய ரொம்பக் கிண்டல் பண்ணுவாங்க சார். உங்கள டிவியில பார்த்தப்புறம்தான், என்னைய மாதிரி இன்னொரு ஆளும் இருக்காங்கன்னு தைரியம் வந்துச்சு" என்றாள். போனில் ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன வகைப் பாசின்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள்.

எனக்கு ஒரு இழவும் தெரியாது. "நீ சொல்ற ஆள் நான் இல்லம்மா. எங்க அக்கா" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணை வீட்டுக்கு வரச் சொன்னேன். அக்கா டீ கொடுத்தாள், எந்த பஸ்ஸில் வந்தாய் என்று விசாரித்தாள். அந்தப் பெண் போனை நீட்டினாள். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு, "நல்லா பச்சைப் பசேல்னு இருக்கும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்தப் பெண் அக்காவின் நம்பரை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அவள் தெருமுனை தாண்டியதும் கேட்டேன். "அது என்னன்னு உனக்குத் தெரியும்லக்கா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்ல வாயத் திறந்தா நீ நடிக்கிற மாதிரியே என் காதுல கேக்குதுடா. என் குரல் எனக்கே மிமிக்ரி மாதிரி இருக்கு."

மன்னித்துவிடு என்றேன். "அதுக்கென்ன, விடு" என்று டீ கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோபித்திருந்தால் தேவலை.

போன வருஷம் அந்தத் தொடரைத் திரும்ப எடுக்கப்போகிறோம் என்று கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. வேறொருவர் செய்கிறார், என்னைவிட நன்றாகவே செய்கிறாராம்.

ஆராய்ச்சிக்கூடத்துப் பெண்ணைச் சமீபத்தில் பார்த்தேன். வாரம் ஒரு படமாவது அக்காவுக்கு அனுப்புகிறாளாம். அக்கா பேசமாட்டாளாம், ஆனால் எழுதி அனுப்புகிறாளாம். பெயர், வகை, எந்த மாதிரிச் சுவரில் வரும், எத்தனை நாள் காய்ந்து கிடந்து எப்படிப் பிழைக்கும் என்று பக்கம் பக்கமாக. என்னிடம் அதைப் பற்றி அக்கா மூச்சு விட்டதில்லை. நானும் கேட்கவில்லை.