டாக்டர் ஞானமுத்துவின் இரண்டு பத்திகள்

தூத்துக்குடி கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் சிவசுப்பிரமணியனாகிய நான், எனக்கு நேரில் தெரிந்ததை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

சென்ற திங்களன்று ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தபோது, டாக்டர் ஞானமுத்து காலமானார் என்று குமாஸ்தா துண்டுச்சீட்டை நீட்டினார். கேட்க வேண்டிய அடுத்த கேள்வி மறந்துபோயிற்று. கேள்வி கேட்பதில் டாக்டர் என்னைவிடத் தேர்ந்தவர்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், சங்கு குளிக்கும் தோணியில் கயிறு பிடிக்கும் அந்தோணி என்னிடம் வந்தார். "மச்சானை நான்தாம்யா கொன்னேன். எழுதிக்கிடுங்க" என்றார். மூழ்குபவன் அடியிலிருந்து கயிற்றை அசைத்ததும் தோணியில் இருப்பவன் அவனை மேலே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மூழ்குபவனின் மனைவியுடைய சகோதரனே பிடிப்பது இத்துறையின் வழக்கம். உடன்பிறந்தவளின் தாலியை நினைத்து அவன் கவனம் பிசகமாட்டான் என்பது நம்பிக்கை. தாம் பிடித்த கயிற்றில் அக்காள் கணவர் பிணமாக மேலே வந்த நாள்முதல் அந்தோணி கயிற்றைத் தொடவில்லை, சரியாக உறங்கவுமில்லை. தங்கை கணவன் மிக்கேலுக்குக் கயிறு பிடிக்க ஆளின்றித் தோணி கரையில் கிடந்தது. இரண்டு குடும்பங்களுக்கும் அதுவே பிழைப்பு.

உறக்கத்துக்கு மருந்து தருவார் என்றெண்ணி டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் ஒரு தாளை நீளவாக்கில் மடித்து என்னிடம் தந்தார்.

"வே வக்கீல், இடப்பக்கம் இவரு கண்டது. வலப்பக்கம் நினைச்சது. மாத்தி எழுதிராதீரும்."

ஆறு வாரம் அந்தோணி அந்த ஒரே நாளைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தொடக்கத்தில் பாதியில் எழுந்து போய்விடுவார். டாக்டர் வெற்றிலை போட்டபடி காத்திருப்பார். அவர் கேள்விகளில் இரக்கத்தைவிட அறியும் ஆவலே மிகுந்திருந்தது. அதனால்தான் அந்தோணி திரும்பி வந்தார் என்பது என் ஊகம்.

"கயிறு அசஞ்சுது. நான் சும்மா நின்னேன்" என்றார் அந்தோணி.

"கண்டதா, நினைச்சதா?"

அந்தோணி இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்; அங்கேயே எழுதினேன்.

"கையை விரியும்."

உள்ளங்கைகளின் குறுக்கே தடித்த தழும்புகள்.

"இது எப்போ?"

அந்தோணி தம் கைகளைப் பார்த்தார். "அன்னைக்கு இழுத்ததுலதான்யா."

"சும்மா நின்னவருக்கு இப்படியா கிழியும்?"

இழுக்கத் தாமதிக்கவில்லை என்பதற்குத் தழும்பு சான்றாகாது என்று நான் குறுக்கிட்டேன்.

"தாமதமே இல்லேன்னு நான் சொன்னேனா வே? கொலைக்குச் சான்று இருக்கா, அதைச் சொல்லும்."

இல்லை என்றேன்.

"வக்கீலையா," என்றார் அந்தோணி, "அந்த 'சும்மா நின்னே'ங்கிறத வலப்பக்கம் மாத்திருங்க." பிறகு அழுதார். டாக்டர் தடுக்கவில்லை.

துக்கம் தீர்ந்ததென்று நான் சொல்லமாட்டேன். அடுத்த பருவத்தில் மிக்கேலின் கயிறு அந்தோணியின் கையில் இருந்ததைக் கரையில் நின்று கண்டேன். இது எப்படி நேர்ந்தது என்று டாக்டரைக் கேட்டேன். "எனக்கே முழுசாத் தெரியலை வே. தெரிஞ்சா எழுதித் தாரேன்" என்றார். எழுதித் தரவில்லை.

இடப்பக்கம் ஒரு வரி அடிக்கப்பட்டு வலப்பக்கம் எழுதப்பட்ட அந்தத் தாளை நான் வைத்திருக்கிறேன்.

(ஒப்பம்) சிவசுப்பிரமணியன், வக்கீல்

சாட்சிகள்:
அந்தோணி, கயிறு பிடிப்பவர் (பெருவிரல் ரேகை)
மிக்கேல், அந்தக் கயிற்றில் மூழ்குபவர்