மணப்பாடு வரை என்ஜின் வாயைத் திறக்கக் கூடாது

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரை 58 கிலோமீட்டரை மின்சாரத்தை மட்டும் நம்பிக் கடந்தேன். பாய்மரக் கப்பலில் வந்து கரை கண்டவர்களுக்கெல்லாம் சிலை வைத்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் யாரும் வைக்கவில்லை. அதனால் இந்தக் கட்டுரை. இதேபோன்ற காரை வைத்துக்கொண்டு, 'கம்பெனிக்காரன் சொன்ன கிலோமீட்டர் ஒருநாளும் வரவில்லையே' என்று புலம்புகிறவர்கள் கடைசிவரை வாசிக்கவும். மற்றவர்களும் வாசிக்கலாம், தடையில்லை.

கார் என்னுடையது அல்ல. என் அக்கா ஸ்டெல்லாவின் மகன் பிரின்ஸ் சரக்குக் கப்பலில் என்ஜினியர். போன தடவை விடுப்பில் வந்தபோது பழைய பிளக்-இன் ஹைப்ரிட் ஒன்றைச் சென்னையில் வாங்கி வந்து, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான். அதில் பெட்ரோல் என்ஜினும் உண்டு, வீட்டு பிளக்கில் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் உண்டு. பேட்டரி தீர்ந்தாலும், ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தாலும், என்ஜின் தானாக எழுந்துவிடும். புதிதில் 60 கி.மீ. மின்சாரத்தில் ஓடுமாம். இப்போது முழு சார்ஜில் 54 காட்டுகிறது. முழு மின்சாரக் காரே எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வாசலில் நின்றது இதுதான், ஐயா.

என்ஜின் ஏன் எழக் கூடாது என்றால், அக்காவின் ஒற்றைத் தலைவலிதான் காரணம். என்ஜின் அதிர்வும் பெட்ரோல் வாடையும் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் வலி வந்துவிடும். பிறகு வாந்தி, இரண்டு நாள் இருட்டறை. மூன்று வருடமாக அவள் பஸ், ஆட்டோ, கார் எதிலும் ஏறவில்லை. மணப்பாட்டில் இருக்கும் ரெஜினா அக்கா அவளோடு முப்பது வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அந்த ஆடிக்கு முந்தின மாதம் ரெஜினா அக்காவின் கணவர் இறந்துபோனார். அடக்கத்துக்கு அக்காவால் போக முடியவில்லை. துட்டிக்கு, அதாவது துக்கம் விசாரிக்க, நேரில் போய் உட்கார வேண்டும். போனில் கேட்டால் எங்கள் பக்கத்தில் அது கணக்கிலேயே வராது. இதற்குள் ரெஜினா அக்காவைக் கனடாவுக்குக் கூட்டிப்போக மகன் வந்துவிட்டான். வியாழக்கிழமை விமானம்.

"ஏலே சூசை, தவழ்ந்தாவது போயிருவேன். ஆனா அங்கன போயி தலையப் பிடிச்சிட்டுக் கெடந்தா, அவ எனக்குல்லா துட்டி கேக்கணும்" என்றாள் அக்கா.

அடியேன் களத்தில் இறங்கினேன். முதல் ஒத்திகை தனியாக. ஏசியை இமயமலை அளவுக்கு வைத்துக்கொண்டு, எண்பதில் பறந்தேன். நாற்பத்தோராவது கிலோமீட்டரில் திரை பூஜ்யத்தைத் தொட்டது, என்ஜின் எழுவதற்குள் வீட்டு வாசலைப் பிடித்துவிட்டேன். டிக்கியைத் திறந்தால், உள்ளே ஒரு மூட்டை கல்லுப்பு, இரண்டு கேன் தண்ணீர், ஒரு பழைய பம்பு மோட்டார். ஒரு குடும்பமே அதில் குடியிருந்திருக்கலாம். எல்லாவற்றையும் இறக்கினேன். டயரில் காற்று குறைவாக இருந்தது, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த அளவுக்கு நிரப்பினேன். அடுத்த ஒத்திகையில் ஐம்பதைத் தாண்டவில்லை. ஐம்பது கி.மீ. ஓடியது.

மூன்றாவது ஒத்திகைக்கு அக்காவையும் ஏற்றிக்கொண்டேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடனே வண்டி தானாக பிரேக் பிடித்து, அந்த வேகத்தை மின்சாரமாகப் பேட்டரிக்குத் திருப்பும் வசதி ஒன்று உண்டு. அதை உச்சத்தில் வைத்துவிட்டு, மிதிப்பதும் விடுவதுமாக மின்சாரத்தை அறுவடை செய்தேன். துறைமுகச் சாலை வளைவுக்குள் அக்கா என் தோளில் அடித்தாள்.

"என்னலே இது, தொட்டில் ஆட்டுதியா? கொடலு வாய்க்கு வருது. உருள விடுலே!"

அந்த வசதியைக் குறைத்துவிட்டு, எதிரே வேகத்தடை தெரிந்ததுமே காலை எடுத்து வண்டியைச் சும்மா உருளவிட்டேன். மூன்று கி.மீ. கூடுதலாகக் கிடைத்தது! பிடித்துத் திருப்பி எடுப்பதைவிட, சமதளத்தில் செலவழிக்காமல் உருளுவதே லாபம். உலகத்துப் பொறியாளர்கள் எல்லோரும் வரிசையில் வந்து என் அக்காவிடம் கற்றுக்கொள்ளலாம். அடிக்கு அவர்களே பொறுப்பு.

இன்னும் ஒரு எதிரி பாக்கி, கச்சான் காற்று. ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் இந்தக் காற்று மணப்பாட்டுக்குப் போகும்போது முகத்துக்கு நேரே மோதும். எட்டரை மணிக்கு மேல் அதற்குக் கிறுக்குப் பிடித்துவிடும். ஆகவே ஐந்து மணிக்குக் கிளம்பத் திட்டம். அக்கா ஐந்தரைப் பூசையைப் பார்க்காமல் வரமாட்டேன் என்றுவிட்டாள். பிளக்கில் இருக்கும்போதே ஏசியைப் போட்டு வண்டியைக் குளிரவைத்தேன். அந்தக் குளிர் வீட்டு மின்சாரத்தின் செலவு, பேட்டரிக்குப் பங்கில்லை. 6.25-க்குக் கிளம்பினோம். திரையில் 54 கி.மீ.

முள்ளக்காடு தாண்டியதும் இருபுறமும் உப்பளம், குவியல் குவியலாக வெளுத்துக் கிடந்தது. 48-இல் போனேன். சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தாரே தவிர, வழிவிடவில்லை. பழையகாயல் வரும்போது 18 கி.மீ. முடிந்து 38 பாக்கி. மனதுக்குள் எனக்கே மாலை போட்டுக்கொண்டேன். அக்கா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

24-ஆவது கிலோமீட்டர், முக்காணி. தாமிரபரணிப் பாலத்துக்கு முன்னால், திரையில் 33 கி.மீ. மிச்சம் இருக்கும்போதே, என்ஜின் உறுமியது.

பேட்டரி இருக்கிறது, மிதிக்கவும் இல்லை. திரையில் ஓர் அறிவிப்பு: பராமரிப்புக்காக என்ஜின் ஓடுகிறது. விஷயம் இதுதான். நீண்ட நாள் என்ஜினைத் தொடாமலே விட்டால், பெட்ரோல் கெடாமலும் ஆயில் உள்ளே சுற்றவும் அது தானாகவே எழுந்து கொஞ்ச நேரம் ஓடுமாம். கையேட்டில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதமாக ஒரு சொட்டுப் பெட்ரோல் எரிக்கவில்லை என்று தெருத்தெருவாகப் பெருமை பேசியவன் நான். அந்தப் பெருமைதான் இப்போது உறுமியது.

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஓரமாக இருந்த டீக்கடையில் நிறுத்தி அவளை இறக்கினேன். அணைத்துப் பார்த்தேன். மறுபடி போட்டால் மறுபடி எழுந்தது. வேறு வழியில்லை, அது ஓடி முடிக்கட்டும். ஆனால் அக்காவின் மூக்குக்கு எட்டாத தூரத்தில் ஓட வேண்டும். நான் மட்டும் ஏறி, பாலத்தில் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் போய்வர ஆரம்பித்தேன்.

ஆறாவது தடவை டீக்கடைக்காரர் வெளியே வந்து கையை நீட்டி மறித்தார். "அண்ணாச்சி, யாரையும் தேடுதியளா? இல்ல பாலம் தாங்குமான்னு பாக்கியளா?"

"என்ஜினுக்கு நடை பழக்குதேன்" என்றேன்.

"நல்லா பழக்குங்க. அக்காவுக்குச் சுக்குக் காப்பி குடுத்திருக்கேன். நீங்க மெதுவா வாங்க."

பதினான்கு நிமிடத்தில் உறுமல் நின்றது. நான்கு கதவையும் திறந்துபோட்டு வாடை போகக் காத்திருந்தேன். அக்கா பெஞ்சில் கண்ணை மூடி, இடது நெற்றிப்பொட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். வலி அங்கேதான் தொடங்கும். டீக்கடைக்காரர் பாட்டை நிறுத்தினார். பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தார். நான் இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு ஒழுங்காக ஜெபம் செய்தேன்.

7.50-க்கு அக்கா கண்ணைத் திறந்தாள். "வரல. பக்கத்துல வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருச்சு. எந்திரிலே, போவோம்."

சுக்குக் காப்பிக்கு அந்த மனிதர் காசு வாங்கவில்லை. "துட்டிக்குப் போறவிய கிட்டயா வாங்குவேன்?" என்றார். இந்தக் கட்டுரையில் பாதி நன்றி அவருக்கு.

வண்டியில் ஏறினால் திரையில் 37! ஓடிய என்ஜின், போகிறபோக்கில் பேட்டரிக்கும் கொஞ்சம் ஊட்டியிருக்கிறது. போக வேண்டியது 34. அதுவரை நான் திட்டிய திட்டுக்கெல்லாம் அந்த என்ஜினிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆத்தூர், ஆறுமுகநேரி, திருச்செந்தூர் வரை வண்டி வெண்ணெயில் வழுக்கியது. 8.25-க்குத் திருச்செந்தூரைத் தாண்டினோம், 18 கி.மீ. போக வேண்டும், திரையில் 21. குலசேகரன்பட்டினச் சாலையில் கச்சான் வந்து மோதியது. செம்மண் தூசி சாலையில் பாம்பு பாம்பாக ஓடியது. பனைமரமெல்லாம் ஒரு பக்கமாகத் தலை சாய்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒரு கி.மீ. ஓடினால் திரையில் ஒன்றரை குறைந்தது. ஏசியை அணைத்தேன். ஜன்னலைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து இழுக்கும், அதனால் அதையும் மூடியே வைத்தேன். வேகம் நாற்பது, பிறகு முப்பத்தைந்து. இரண்டு பேரும் இட்லிச் சட்டிக்குள் வெந்தோம்.

"இன்னும் எவ்வளவுலே?"

"நாலு கிலோமீட்டர் இருக்கு, திரையில அஞ்சு."

"பேசாத. பேசினா அதுக்கும் கரண்டு செலவாவும்."

பேசவில்லை. மணப்பாட்டுத் தெருவுக்குள் நுழைந்து ரெஜினா அக்கா வீட்டு வாசலில் நிறுத்தியபோது மணி 9.05. திரையில் 1 கி.மீ. மெகல்லன் இருந்திருந்தால் கை கொடுத்திருப்பார்.

அக்கா இறங்கி நேராக உள்ளே போனாள். துட்டி வீட்டில் யாரும் 'வா' என்று சொல்வதில்லை. ரெஜினா அக்கா கட்டிப்போட்ட பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் கையை நீட்டினாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் வெளியே வந்து பிளக்கைத் தேடினேன்.

இனி உங்களுக்கான விஷயம். கிளம்புவதற்கு முந்தின நாள் என்ஜினை ஒரு இருபது நிமிடம் ஓட்டிவிடுங்கள். நான் மறந்தது அது ஒன்றுதான், கிட்டத்தட்ட எல்லாமே போயிருக்கும். டிக்கியைக் காலி செய்யுங்கள். டயரைப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டாதீர்கள். மிதிக்கும் காலுக்குக் கீழே முட்டை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்றைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். போகும்போது நாக்குத் தள்ளிய அதே பேட்டரி, கச்சான் முதுகில் தள்ள, திரும்பும்போது ஒன்பது கி.மீ. மிச்சம் வைத்தது. அக்கா வழியெல்லாம் தூங்கினாள், தலைவலி வரவில்லை. முழு சார்ஜுக்கு வீட்டு மீட்டரில் பன்னிரண்டு யூனிட் ஏறும். மணப்பாட்டில் ரெஜினா அக்காவின் மகன் ஏற்றவிட்ட யூனிட்டுக்கும், சோறும் சாளை மீன் குழம்பும் போட்டதற்கும் என் நன்றி.

சார்ஜ் நேரம்: சாதாரண வீட்டு பிளக்கில் ஐந்து மணி நேரம். அன்றைக்கும் இரண்டு மணிக்கெல்லாம் ஏறி முடிந்துவிட்டது. சொல்லலாம் என்று உள்ளே போனேன். துட்டி வீட்டில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. ஆகவே அக்கா எழுந்தால் அவ்வளவுதான், விடை சொல்லாமலே வாசல் தாண்ட வேண்டும், இருவருக்கும் அது தெரியும். ஏதோ பழைய டாக்டரைப் பற்றிப் பேசி இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எழுபது சதவீதந்தான் ஏறியிருக்கு" என்றேன்.

ரெஜினா அக்காவின் மகன் என் பின்னால் நின்றிருந்தான். சார்ஜரில் பச்சை விளக்கு எரிவதை வாசலில் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"ஆமா மாமா. இங்கன வோல்டேஜ் ரொம்பக் கம்மி" என்றான்.

ஆகவே, இந்த வழியில் வருகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: மணப்பாட்டில் முழு சார்ஜ் ஏற எட்டரை மணி நேரம் ஆகும்.