கடைசி வரியைப் பார்த்த தேவகி அக்கா

தேவகி அக்காவின் சிவப்புப் பென்சில் சீவப்படாமல் மேசையில் கிடந்தது. அன்று காலை நான் முதலில் கவனித்தது அதைத்தான். எட்டு மணிக்கு முன்பே வந்து பென்சில் சீவிவிட்டுத்தான் அவர் உட்காருவார். சற்று நேரத்தில் எங்கள் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி வந்தார். கையிலிருந்த குடையைக்கூட வைக்காமல், "தேவகி போயிருச்சும்மா. மருந்துக்குக் காய்ச்சல் கேக்கலயாம்" என்றார். அக்காவுக்கு இருபத்தாறு வயது.

எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் அக்காவை அறியாதவர் குறைவு. கம்போங் செட்டிக் குடியிருப்பிலிருந்து சைக்கிளில் மணியடித்துக்கொண்டே வேலைக்குப் போவாரே, அவர்தான். பண்டார் ஹிலிரில் உள்ள காப்பித்தூள் கம்பெனியில் இருவரும் ஒரே மேசையில் வேலை செய்தோம். ஒவ்வொரு டின்னுக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கும். காப்பித்தூளைப் பற்றித் தோன்றியதை வாங்கியவர்கள் எழுதி அனுப்புவார்கள். மலாய் எனக்கும் ஓரளவு படிக்க வரும் என்றாலும், மலாய்ச் சீட்டுகளை அவரும் தமிழ்ச் சீட்டுகளை நானும் பிரிப்போம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பதால் நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன்.

கம்போங் செட்டித் தமிழர்கள் பலரைப்போல அக்காவின் வீட்டிலும் மலாய்தான் பேசுவார்கள். கடைத்தெருவில் பழகிய தமிழில் என்னைக் கேலி செய்வார். "நாடே மெர்டேக்கா ஆயாச்சு லா, அடேக். ஒன் வாய்க்கு மட்டும் எப்போ?" மலாயில் மெர்டேக்கா என்றால் விடுதலை, அடேக் என்றால் தங்கை. அவர் அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார்.

கம்பெனி காப்பிக்கொட்டையில் புது வறுவலை இறக்கிய மாதம் சீட்டுகள் மூட்டையாக வந்தன. "நல்ல என்ற சொல் இருந்தால் நல்ல குவியலில் போடு. முழுக்கப் படித்துக்கொண்டிருக்காதே" என்றார் பெரிய கிராணி. அப்படியே செய்தேன். குவியல் மேசையின் விளிம்புவரை வந்துவிட்டது. வாடிக்கையாளர்களுக்குப் புது வறுவல் பிடித்துவிட்டதென்று அவர் அறிக்கை எழுதினார். மறுநாள் முதலாளி அதைப் பார்த்துவிட்டுப் பழைய வறுவலை நிறுத்த இருந்தார்.

அக்காவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எழுத்துகளை அவர் கோலம் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார். அன்று என் குவியலைப் புரட்டியவர் நிறுத்தி, "இந்தக் கோலம் எல்லாத்துலயும் கடைசி வரியில வருதே, என்னா அது?" என்று கேட்டார். பார்த்தேன். 'கருகல்' என்று இருந்தது. நல்ல கம்பெனி, நல்லபடி வளர வேண்டும் என்று வாழ்த்திவிட்டுத்தான் கடைசி வரியில் கருகல் வாடை அடிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அக்கா சிரித்தார். "கும்பிடு போட்டு உள்ள வர்றவங்க, வெளிய போறப்பதான் வந்த விசயத்த சொல்லுவாங்க. எங்க கம்போங்லயும் அப்படித்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவறாகப் பிரித்தது என் கை. பழி வந்தால் வேலை போய்விடும். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இருவரும் உட்கார்ந்து எல்லாச் சீட்டுகளையும் கடைசி வரியை வைத்து மறுபடி பிரித்தோம். நல்ல குவியல் சுருங்கிப்போனது.

"தமிழே படிக்கத் தெரியாதவ தமிழ்ச் சீட்டைத் திருத்துறாளா?" என்றார் அதைப் பார்த்த பெரிய கிராணி. அக்கா கோபப்படவில்லை. "எனக்குத் தெரியாது சார். இவளுக்குத் தெரியும். இவ படிப்பா" என்று சொல்லி, மறுநாள் என்னை முதலாளியின் அறைக்குள் தள்ளிவிட்டார். முதல் சீட்டை எனக்குள்ளேயே முணுமுணுத்தேன். "சத்தமா, அடேக்" என்றார் அக்கா பின்னாலிருந்து. பன்னிரண்டாவது சீட்டில் முதலாளி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பழைய வறுவல் நின்றுபோகவில்லை. எங்கள் வேலையும் போகவில்லை.

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒன்றுதான். ஒருவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவருடைய பேச்சை எந்தக் குவியலிலும் போடக்கூடாது.

போன வாரம் அடுத்த சீட்டுப் பெட்டி வந்தது. "இப்ப நீ ஒருத்திதான். நல்லவை மட்டும் எண்ணிக் கொடு, போதும்" என்றார் பெரிய கிராணி.

"அப்படி எண்ண மாட்டேன் சார். முழுசா படிக்கணும்."

"எத்தன நாளு ஆகும்?"

"ஆகுறது ஆகட்டும் சார்" என்றேன். மலாய்ச் சீட்டுகளையும் சேர்த்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.