மீராசாவின் மூன்றாவது கண்ணாடி

ஒரே முறைப்பாட்டோடு மூன்றாம் தடவை கடைக்கு வருகிறவனை எங்கள் முதலாளி வாடிக்கையாளர் என்று சொல்லமாட்டார், வில்லங்கம் என்பார். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருடங்கள். மட்டக்களப்புப் பட்டணத்தில் அவருடைய கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவன் நான். அன்று வந்த வில்லங்கம், காத்தான்குடி நெசவாளி மீராசா. இருபது வயதிருக்கும்.

"இதுவும் சரிவரல்ல ஐயா. ஒரு இழை மூணாத் தெரியிது, நூல் கோக்க ஏலாம இரிக்கி. தறிய வேற ஆளுக்குக் குடுக்கப்போறன் எண்டு தறிக்காரர் சொல்லிப்போட்டாரு."

"வேலைக்கள்ளன்! கோணப் பார்வைக்குப் போடுற சிலிண்டர் பவரைக் கொஞ்சம் ஏத்திக் குடுத்து அனுப்பு," என்றார் முதலாளி என் காதில். முந்திய இரண்டு தடவையும் நான் செய்தது அதைத்தான்.

மீராசா கண்ணாடியைக் கழற்றி, குனிந்து இடுப்புச் சாரத்தில் துடைத்தான். பார்வை கீழே போனதும் அவன் கீழிமை நடுவில் கூராகப் பிதுங்கியது. நல்ல கண்ணில் அப்படி வராது.

கடை வாசலில் கறுப்பு வெள்ளை வளையம் போட்ட தட்டு ஒன்று, நடுவில் ஓட்டையோடு தொங்கியது. கொழும்பிலிருந்து பழைய சாமான்களோடு வந்தது. முதலாளி அதற்கு எலுமிச்சங்காயும் மிளகாயும் கட்டி வைத்திருந்தார். நான் கழற்றினேன்.

"டேய், கண்ணூறு பட்டா ஆர் பொறுப்பு?"

"முதலாளி, இது கண் பாக்கிற சாமான்!"

தட்டை ஒவ்வொருவர் கண்ணுக்கும் நேரே பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தேன். முதலாளியின் கண்ணில் வளையங்களின் பிம்பங்கள் வட்டமாகவே விழுந்தன. மனிதருக்குக் கோணல் குணத்தில் மட்டும்தான். மீராசாவின் கண்ணில் எல்லாம் நசுங்கிக் கீழே ஒதுங்கின. கெரட்டோகோனஸ். கருவிழியின் முன்னிருக்கும் தெளிவான படலம் மெலிந்து கூம்பு போலப் பிதுங்குகிற நோய். மூக்கில் மாட்டும் கண்ணாடி அதற்குப் போதாது. கொழும்பில் கண்ணுக்குள்ளேயே, கருவிழியின்மேல் வைக்கும் மெல்லிய கண்ணாடிச் சிப்பி பொருத்துவார்கள் என்று மீராசாவிடம் சொன்னேன்.

"கண்ணுக்குள்ளயா? அல்லாவே! நோவுமா?"

"நோகும். ஒரு நாளைக்கு மூணு மணித்தியாலம்தான் தாங்கும். நோயையும் நிப்பாட்டாது."

"மூணு மணித்தியாலம் போதும் ஐயா. நூலக் கோத்துட்டா மறுகா கை பாத்துக்கும்."

கொழும்பு டாக்டருக்கு முதலாளியே கடிதம் எழுதினார்: "எங்கள் கண்ணாடிகள் சரி, இவருடைய கண்தான் பிழை." அந்த மனிதரைத் திருத்த எந்த டாக்டராலும் முடியாது.

சில மாதம் கழித்து மீராசா வந்தான். கண் சிவந்திருந்தது. தறி கைவிட்டுப் போகவில்லை என்றான். பிறகு கேட்டான்: "முந்தி ரெண்டு தரமும் நீங்கதானே பாத்தீங்க. அப்ப ஏன் தெரியல்ல?"

முதலாளி இருமினார்.

"அப்ப நான் எழுத்து அட்டையைத்தான் பாத்தன், மீராசா. உன்ட கண்ணைப் பாக்கல்ல," என்றேன்.