அத்தான் ஏசவில்லை

"உங்கட மிஸ்டரை வாயை அடக்கச் சொல்லுங்கோ அன்ரி. எங்கட பிள்ளையளுக்குக் காது குடுக்கேலாமல் கிடக்கு."

சில மாதங்களுக்கு முன் என் அக்காவுக்கு வந்த போன் இது. பேசியவர் எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் மனேஜர். 'பிள்ளையள்' என்றது அங்கே வேலை செய்யும் பெண்களை. வாயை அடக்க வேண்டியவர் என் அத்தான் நடேசன்.

அந்த விவகாரம் போன கிழமைதான் ஒரு வழியாக முடிந்தது. 'இல்லத்தின்ர பெயரைப் போடாமல் எழுதுங்கோ' என்று எங்கள் சட்டத்தரணியும் அனுமதி தந்துவிட்டார். ஆகவே எழுதுகிறேன்.

அத்தான் எங்கள் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டையிலிருந்து என்ன வரும் என்று நான் விளக்கத் தேவையில்லை. லிங்கநகரில் அவர்கள் வீட்டைத் தாண்டிப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் இலவசமாகக் கற்ற சொற்கள் ஏராளம்.

பிறகு பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்தது. பேச்சும் போனது... நல்ல பேச்சு மட்டும். மகளின் பெயர் போய்விட்டது. தேவாரம் போய்விட்டது. ஏச்சு மட்டும் தப்பிக்கொண்டது! டொக்டரிடம் கேட்டோம். "சில பேருக்கு அப்பிடித்தான். வசனம் கோர்க்கிற இடம் அடிபட்டாலும் ஏச்சு நிக்கும்" என்றார். கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னது?

அக்காவுக்கு முழங்கால் இரண்டும் சரியில்லை. ஆளைத் தூக்க ஏலாது. மகன் டொரொன்டோவில், மகள் மெல்பேர்னில். வட்ஸ்அப் குழுவில் மாநாடு கூடி இந்த இல்லத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 'கடல் பார்த்த அறை' என்று விளம்பரத்தில் இருந்ததாம். நாள் முழுக்க மல்லாந்து கிடக்கிற மனுசனுக்கு எந்தக் கடல் தெரியும்? அவருக்குத் தெரிந்தது சீலிங் ஃபேன்.

மாலையில் பார்வை நேரம். எப்போது போனாலும் அத்தான் மாப்பிள்ளை மாதிரி இருப்பார். தலை வாரி இழுத்து, முகத்துக்குப் பவுடர் பூசி, கழுத்துவரை வெள்ளைப் போர்வை. அறை முழுக்க ஓடிக்கொலோன் வாசம். அக்காவுக்குப் பரம திருப்தி. 'நான் கூட இப்பிடிப் பாத்திருக்க மாட்டன்' என்பாள்.

ஒரே ஒரு குறை. அத்தான் யாரைக் கண்டாலும் ஒரு சொல்லைச் சொல்லிக் கத்தினார்.

"குண்டி!"

இந்தச் சொல்லை எங்கள் பத்திரிகை ஆசிரியர் வெட்டாமல் விடுவாரோ தெரியாது. 'பின்புறம்' என்று நான் மாற்றப் போவதில்லை. அத்தான் அப்படிச் சொல்லவில்லை.

சாப்பாடு கொண்டுவருகிற பெண்ணைப் பார்த்து, "குண்டி!" மனேஜரைப் பார்த்து, "குண்டி! குண்டி!" அந்தப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு முகம் சுளித்தார்கள். அக்கா கூச்சத்தில் கூனிப்போய், ஒவ்வொரு தடவையும் அவர்களுக்குப் பிஸ்கட் பெட்டி கொண்டுபோய்க் கொடுத்துச் சமாளித்தாள். அப்போதுதான் அந்த போன் வந்தது.

'இண்டைக்கு இந்த மனுசனுக்கு நல்லாக் குடுக்கிறன்' என்று கிளம்பினாள். துணைக்கு நானும் ஓட்டோவில் ஏறினேன்.

அவளைக் கண்டதும் அத்தான் தொடங்கினார். "குண்டி! குண்டி!" கண்ணில் தண்ணீர். அக்கா ஏச வாயைத் திறந்தவள், அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள்.

"தம்பி, இவர் ஏசேல்லை."

"எப்பிடித் தெரியும் அக்கா?"

"கலியாணம் கட்டின நாள் தொட்டு ஏச்சு வாங்கிறவள் நான். இவர் அம்மாவை இழுப்பார், அப்பனை இழுப்பார், நாயை இழுப்பார். இந்தச் சொல்லுச் சொல்லி ஒருநாளும் ஏசினதில்லை. பிடி அந்தப் பக்கம். திருப்பிப் பாப்பம்."

வேலைக்காரப் பெண் ஓடி வந்தாள். "அன்ரி, இப்ப வேண்டாம், உடுப்பு மாத்தி வெளிக்கிடுத்தியாச்சு..."

நாங்கள் போர்வையை இழுத்து, ஆளை ஒருக்களித்தோம். ஓடிக்கொலோனுக்குக் கீழே ஒளிந்திருந்த மணம் மேலே வந்தது. இடுப்புக்குக் கீழே, வால் எலும்பு இருக்கிற இடத்தில், என் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி. ஓரமெல்லாம் கறுத்துப்போய், நடுவில் மஞ்சளாய்... அதற்குள் வெள்ளையாய் ஏதோ தெரிந்தது. அது எலும்பு என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அத்தான் கத்துவதை நிறுத்திவிட்டார். இன்னும் அசைகிற இடக்கையால் அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். ஒருவழியாக அவர் சொன்னது யாருக்கோ விளங்கிவிட்டது.

மனேஜர் வந்தார். எட்டிப் பார்த்தார். அதிர்ச்சி இல்லை.

"படுக்கைப் புண். வயசு போன ஆக்களுக்கு வாறதுதானே அன்ரி. சீனி வருத்தமும் இருக்கு."

என் அக்கா வெள்ளிக்கிழமை விரதக்காரி. அவள் வாயிலிருந்து வந்த மிகக் கெட்ட சொல் 'சனியன்' என்பதாகத்தான் இருந்தது, அன்றுவரை.

"வாறதோ? உம்மட குண்டியை அந்த மெத்தையில வச்சு ஒரு கிழமை திரும்பாமல் படும் பாப்பம்! வருதோ இல்லையோ எண்டு அப்ப சொல்லும்!"

வராந்தா முழுக்கக் கேட்டது. அடுத்த கட்டிலில் யாரோ சிரித்தார்கள்.

அம்புலன்ஸ் வந்ததும் மனேஜர் ஒரு தாளோடு ஓடி வந்தார். 'குடும்பத்தவர் தாமாகவே அழைத்துச் செல்கின்றனர், முறைப்பாடு எதுவுமில்லை.' கீழே கையெழுத்துக்குக் கோடு. நல்ல ஆயத்தம்! புண்ணுக்கு மருந்து இல்லாத இடத்தில் இதற்குத் தாள் இருந்தது. அக்கா கையெழுத்துப் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சுருக்கமாகச் சொன்னார். "ஒரே இடம் அமத்துப்பட்டால் இரத்தம் ஓடாது, தசை செத்துப்போகும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆளைத் திருப்ப வேணும். இது ஒரு நாளில வந்த புண் இல்லை. சிவக்கேக்கையே ஆரும் கண்டிருந்தால் இஞ்ச வரத் தேவையில்லை."

செத்த தசையை வெட்டி எடுத்தார்கள். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அந்தக் கிழமை முழுக்கக் காய்ச்சல் இறங்கவில்லை. மெல்பேர்ன் மகள் டிக்கெட் போட்டுவிட்டாள். அக்கா கட்டிலருகில் இருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏசுங்கோப்பா... ஒருக்கா ஏசுங்கோ" என்று கெஞ்சினாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. நான் வெளியே போய்த் தேத்தண்ணிக் கடையில் நின்று, குடிக்காமலே காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

காய்ச்சல் இறங்கியது. டொரொன்டோ மகனுக்கு ஏறியது.

"மாமா, வழக்குப் போடுவம்! இங்க எண்டால் அந்தக் கட்டிடத்தையே எழுதி வாங்கியிருக்கலாம்!"

"தம்பி, இது இங்க."

சட்டத்தரணி நிரோஷாவிடம் போனோம். சின்ன வயது, பெரிய வாய். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

"முதல்ல படம் எடுத்தீங்களோ அங்கிள்?"

எடுத்திருந்தேன்.

"நல்லது. ஆஸ்பத்திரிக் காட், டொக்டரின்ர அறிக்கை, இல்லத்தோட செய்த ஒப்பந்தம், கட்டின காசுக்கு ரசீது... ஒண்டையும் எறியாதைங்கோ. பொலிஸில முறைப்பாடு குடுக்கலாம், கவனயீனத்துக்குச் சட்டத்தில இடமிருக்கு. இப்பிடியான இல்லங்களைப் பதியிற திணைக்களத்துக்கு எழுதினால் அவை வந்து சோதிக்க வேணும். நட்டஈடு கேட்டு முதல்ல கோரிக்கைக் கடிதம் அனுப்புவம். மசியாட்டி மாவட்ட நீதிமன்றம். ஆனால் காலவரம்பு இருக்கு, ஆறப்போடக் கூடாது. வழக்கு எண்டால் இழுபடும், அதையும் இப்பவே சொல்லிப்போட்டன். அன்ரி, உங்களுக்கு என்ன வேணும்?"

அக்கா யோசிக்கவே இல்லை. "மற்றக் கட்டில்ல இருக்கிற ஆக்களையும் திருப்பிப் பாக்க வேணும்."

நிரோஷா பேனையைக் கீழே வைத்தார். "அப்ப திணைக்களத்தில துவங்குவம்."

உத்தியோகத்தர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் போனார்கள். போர்வைகளைத் தூக்கினார்கள். இன்னும் சிலருக்குப் புண். அதில் ஒருவர் மூதூர்க்காரர். அவருடைய மகள் பரீதா அழுதுகொண்டு அக்காவுக்கு போன் எடுத்தார். "வாப்பா சும்மா முனகுறாரெண்டு சொன்னாங்க அன்ரி. நானும் நம்பிட்டன். உங்களோட நானும் கையெழுத்து வைக்கிறன்."

இரண்டு குடும்பத்தின் முறைப்பாடு, இரண்டு கோரிக்கைக் கடிதம். இல்லத்தின் உரிமையாளருக்குத் திடீரென்று சமாதானத்தில் பெரும் நாட்டம் வந்தது. முதலில் 'சில மாதம் இலவசமாக வைத்துப் பார்க்கிறோம்' என்றார். பகிடியைப் பாருங்கள்... விழுந்த கிணற்றில் இலவசமாகத் திரும்ப விழச் சொல்கிறார்!

அக்கா வழக்குக்குத் தயாராகவே இருந்தாள். கடைசியில் அவர்கள் இறங்கி வந்தார்கள். வைத்தியச் செலவும் நட்டஈடும் இரண்டு குடும்பத்துக்கும். கூடுதல் ஆட்களை வேலைக்கு வைக்க வேண்டும். குடும்பத்தவர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்று எழுத்தில். மனேஜரை வேலையால் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். உரிமையாளர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அக்கா தானாகச் சேர்த்த நிபந்தனை.

போன கிழமை அந்த உரிமையாளர் லிங்கநகர் வீட்டுக்கு வந்தார். அத்தான் இப்போது வீட்டில்தான். காற்று மெத்தை, திருப்பிவிட ஒரு பராமரிப்பாளர். புண் மெல்ல மூடி வருகிறது, குழி மட்டும் இருக்கும் என்கிறார்கள். உரிமையாளர் அக்காவிடம் மன்னிப்பைத் தொடங்கினார்.

"என்னட்டச் சொல்லாதைங்கோ. புண் வந்தது அவருக்கு."

மனுசன் கட்டிலருகே போய்க் கைகட்டி நின்று எல்லாம் சொன்னார். அத்தான் கவனமாகக் கேட்டார். பிறகு, அண்மையில்தான் அவரிடம் திரும்பி வந்திருந்த ஒரு சொல்லை எடுத்தார்.

"தேத்தண்ணி."

"ஐயோ, வேண்டாம் ஐயா, இப்பதான் குடிச்சனான்" என்றார் உரிமையாளர், நெகிழ்ந்துபோய்.

அத்தான் கேட்டது தனக்கு.

பெற்றோரை இல்லத்தில் விடுவது பாவம் என்று நான் பிரசங்கம் செய்யப் போவதில்லை. எல்லார் வீட்டிலும் முழங்கால் தேய்கிறது, பிள்ளைகள் பறக்கிறார்கள். நல்ல இல்லங்களும் இருக்கின்றன. சேர்க்கப் போகும் அன்றே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: 'நான் நினைத்த நேரம் வந்து ஆளைத் திருப்பி முதுகைப் பார்க்கலாமா?'

ஏலாது என்றால், வந்த ஓட்டோவைத் திருப்புங்கள்.