தராசுக்குக் கீழே கிடந்த கடிதம்

செய்தி வந்தபோது நான் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தேன். லூர்து அக்கா ரண்டர்ஸ் நகரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். "அம்மா காலமை எழும்பேல்லை, அன்ரி" என்று தொலைபேசியில் தமிழில் சொன்ன மகள், மிச்சத்தை டெனிஷில் அழுதாள். ஒரு கிழமை கழித்து, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டாள். "வடிவா ஏதும் எழுதுங்கோ." வடிவாக எழுத எனக்கு வராது. உள்ளதை எழுதுகிறேன்.

எங்கள் கிரின்ஸ்டெட் ஊரில் வீடு வீடாகப் போய் வயோதிபர்களைப் பராமரித்த அக்காவை, மாதா கோயிலில் வாசகம் வாசிப்பவராக நீங்கள் அறிவீர்கள். நான் அறிந்தது கார் ஓட்டிய அக்காவை.

ஆறு வருடங்களுக்கு முன் நான் கர்ப்பமானேன். நாற்பத்தொரு வயது, இரண்டு பெண்பிள்ளைகள், அப்போதுதான் தொடங்கிய கடை. எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டாம். கணவருக்கு ஆண்பிள்ளை வேண்டும், தெரிந்தால் விடமாட்டார். வீட்டில் கார் ஓட்டுகிறவரும் அவர்தான். மருத்துவமனை வேறு ஊரில். பஸ்ஸில் போய்வர ஒரு பகல் போகும். கடை பூட்டிக் கிடந்தால் ஏனென்று எல்லாரும் கேட்பார்கள்.

டெனிஷில் எனக்குப் பேரம் பேசத் தெரியும், இதைப் பேசத் தெரியாது. மருத்துவர் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை இணைத்தார். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையின் குரல். நேராகச் சொல்ல வெட்கப்பட்டு, "நான் முழுகாமல் இருக்கிறன், தங்கச்சி" என்றேன். நமக்கு அது கர்ப்பம். அந்தப் பிள்ளைக்கு அது குளிக்காமல் இருப்பது. குளியலறை பழுதென்றால் வீடு வாடகைக்குத் தரும் சங்கத்துக்கு அறிவிக்கச் சொல்லிப் பதில் வந்தது. நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். வீட்டிலேயே குளிசை விழுங்கிக் கருவைக் கலைக்கக்கூடிய காலம் சில கிழமைகள்தான். அதில் ஒரு கிழமை அப்படியே போனது.

கருவாடு வாங்க வந்த அக்கா என்னைப் பார்த்தார். "ஏன் பிள்ளை, முகம் செத்துக் கிடக்கு?" சொன்னேன். குளியலறைக் கதைக்கு அடக்கமாட்டாமல் சிரித்தார். பிறகு, "உள்ள சொல்லைச் சொல்லிப் பழகு. சொல்லாட்டி உனக்குக் குழாய் திருத்திறவன்தான் வருவான்" என்றார்.

"நீங்கள் கோயில் ஆள், அக்கா. உங்களுக்குப் பாவமில்லையோ?"

"அதை நான் பாவசங்கீர்த்தனத்திலை பாத்துக்கொள்ளுறன். நீ வந்து காரிலை ஏறு."

ரண்டர்ஸில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீடு என்று வீட்டில் சொன்னோம். ஆகவே சேலை கட்ட வேண்டியதாயிற்று. பட்டும் அட்டியலுமாக மருத்துவமனை வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். முதல் குளிசையை அங்கேயே விழுங்கினேன். திரும்பி வரும்போது அக்கா ஒரு பை தந்தார், தன் வீட்டில் சுட்ட பயற்றம் பணியாரம். "சாமத்தியவீட்டுப் பலகாரம். மனுசனுக்குக் குடு." கணவர் நல்ல ருசி என்றார். இரண்டு நாள் கழித்து மற்றக் குளிசைகளை வீட்டில் எடுத்தேன். வயிற்றுக்கோளாறு என்று சொல்லிக் குளியலறையில் இருந்தேன். கதவுக்கு வெளியே அவர், "சோடா வேணுமோ?" என்று கேட்டபடி நின்றார்.

அக்கா அதை மறக்கவில்லை. போன வருடம் நூலகத்தில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மக்களைச் சந்திக்க வந்தபோது, எழும்பி உடைந்த டெனிஷில் கேட்டார். கேட்டதை என்னிடம் தமிழில் சொன்னார்: "சட்டம் உரிமை தந்திருக்கு. பஸ் தரேல்லையே?" பிறகு பாராளுமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மருத்துவர் தொலைபேசியிலேயே விசாரிக்க வேண்டும். கூட இருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கு எங்கள் சொல் தெரிந்திருக்க வேண்டும். ஆபத்தில்லை என்று கண்டால் குளிசை தபாலில் வர வேண்டும், எந்த ஊரென்றாலும். பின்னால் வருகிறவர்கள் பறிக்க முடியாதபடி அதைச் சட்டத்தில் எழுத வேண்டும். இவ்வளவுதான் கடிதம்.

கையெழுத்துச் சேர்க்கக் கடையில் வைக்கச் சொன்னார். நான் வியாபாரி. முகம் சுளித்த வாடிக்கையாளர் அடுத்த கிழமை வேறு கடைக்குப் போவார். ஓம் என்று வாங்கித் தராசுக்குக் கீழே செருகினேன். சனிக்கிழமைகளில் அக்கா கேட்பார்.

"எத்தினை பேர் வைச்சவை?"

"பாப்பம், அக்கா."

கடைசிச் சனிக்கிழமை, நான் நெத்தலிக் கருவாடு நிறுக்கும்போது குனிந்து பார்த்தார். "உன்ரை தராசு சரிஞ்சு நிக்குது, பிள்ளை. கீழை என்னவோ கிடக்குது." கருவாட்டை வாங்கிக்கொண்டு போனார்.

செய்தி வந்த அன்று அதை எடுத்தேன். அவருடைய கையெழுத்து மட்டும் இருந்தது. கீழே என்னுடையதை வைத்துக் கல்லாவுக்கு முன்னால் போட்டேன். பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். "உதென்ன கடிதம்?" என்று கணவர் கேட்டார். "அக்காவின்ரை" என்றேன். அதற்குமேல் இன்னும் சொல்லவில்லை. அக்காவின் மகள் இந்தப் பக்கத்தை அச்சிட்டால், முப்பத்தோராம் நாள் பூசையில் என் பக்கத்தில் இருந்து கணவர் இதை வாசிப்பார்.

கடைக்கு வருகிறவர்களில் சிலர் கடிதத்தை வாசித்துவிட்டுக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் நிமிர்த்தி வைக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வேலைதான்.